ஹாலேயில் என்னோடு கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் ஹாலே நகரில், மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவியாக ஓராண்டு வேளாண்மை படித்துவிட்டு இந்த மாதக் கடைசியில் மயிலாடுதுறை திரும்புகிறேன். தனித்தனியாகச் சொன்ன நன்றியை நாலு பேர் அறியவும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஆசை. இவர்களில் பலருக்குத் தாங்கள் செய்தது நினைவில்கூட இருக்காது. "அதெல்லாம் ஒரு விஷயமா?" என்பார்கள். யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், யூடியூபைத் திறந்தாலே போதும். செருப்பை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பி வருகிறவர்கள்தான் அரிது. எனக்கு அப்படிப்பட்டவர்கள் கிடைத்தார்கள்.

முதல் நன்றி, நான் ஊரில் இருக்கும்போதே எனக்காக நடந்த அண்ணனுக்கு. 2024 ஆகஸ்டில் விசா கைக்கு வந்துவிட்டது, தங்க இடம் மட்டும் அமையவில்லை. மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்தது. இணையத்தில் ஓர் அறை கிடைத்தது. படங்கள் அழகு, வாடகை குறைவு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகவும், இரண்டு மாத முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்றும் சொன்னார்கள். அப்பா பணம் அனுப்பத் தயாராகிவிட்டார். விசாவுக்கான பிளாக்டு அக்கவுண்டில், அதாவது அங்கே செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டும் முடக்கக் கணக்கில், ஏற்கெனவே 11,208 யூரோ, ஏறக்குறைய 10 லட்ச ரூபாய் கட்டியாகியிருந்தது. அது நம் பணம்தான், மாதம் 934 யூரோவாகத் திரும்பி வரும். ஆனாலும் முழுத் தொகையையும் முதலிலேயே கட்ட வேண்டும். அதற்கே நகை வங்கிக்குப் போயிருந்தது.

ஹாலே தமிழ் மாணவர்களின் வாட்ஸப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். முன்பின் பார்த்திராத இந்த அண்ணன், "பணம் அனுப்பாதம்மா. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். பகுதி நேர வேலை முடிந்த இரவில் டிராம் பிடித்து அந்த முகவரிக்குப் போனார். வாசலில் இருந்த அழைப்பு மணிப் பலகையை வீடியோ காலில் காட்டி ஒவ்வொரு பெயராகப் படித்தார். அந்த வீட்டுக்காரரின் பெயர் அதில் இல்லை. கீழ்த்தளத்தில் இருந்த ஒருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அப்படி ஓர் அறையே அங்கே கிடையாதாம். அப்பா இன்றைக்கும் தன் மாலை நடைக்கு நடுவே அவரைப் பற்றிப் பேசுவார். அண்ணா, எங்கள் வீட்டுப் பணத்தைக் காத்துக் கொடுத்தவர் நீங்கள்.

விடுதியில் இடம் கடைசி வாரத்தில் கிடைத்தது. அங்கே எங்கள் ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நேராகத் தபால் பெட்டிக்கு அழைத்துப் போனார். ஜெர்மனியில் கடிதம் அறை எண்ணைப் பார்த்து வராது, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் வரும். பெயர் ஒட்டவில்லை என்றால் வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, அலுவலகக் கடிதம் எல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். நம் பாஸ்போர்ட் சங்கதி உங்களுக்குத் தெரியும்: குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். ஆகவே சில கடிதம் என் பெயருக்கு வரும், சில அப்பா பெயருக்கு. அவர் என் பாஸ்போர்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு பெயரையும் அச்சிட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். இந்த ஓராண்டில் எனக்கு வர வேண்டிய ஒரு கடிதம்கூடத் தவறவில்லை.

அடுத்து, பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் எனக்குத் துணையாக ஒதுக்கிய தோழிக்கு. அவள் கடமை வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது மட்டும்தான். ஆனால் புதிதாக வருகிறவரைப் பிடிக்கும் முடிச்சு வளாகத்தில் இல்லை. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து பணம் வர உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக்காரர் முகவரிப் பதிவுச் சான்று கேட்பார். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய அந்தப் பதிவுக்கு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். இதற்கு நடுவில் மாநகராட்சியில் நேரம் கிடைக்க வேண்டும்.

அவள் ஒரு வளையக் கோப்பும் துளையிடும் கருவியும் வாங்கி வந்தாள். டிராம் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் முதலில் கேட்பார்களோ அந்த வரிசையிலேயே அடுக்கித் தந்தாள். அதைவிடப் பெரியது, கவுன்ட்டரில் அவள் நின்ற விதம். அலுவலர் இயல்பாக அவளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். அவள் அரை அடி பின்னால் நகர்ந்து என்னைக் காட்டினாள். என் அரைகுறை ஜெர்மனில் நானே சொன்னேன். சிக்கிய இடத்தில் மட்டும் ஒரு சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். எனக்காக அவளே பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அடுத்த அலுவலகத்துக்கு நான் தைரியமாகத் தனியே போயிருக்க மாட்டேன். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு 25, 26 தேதிகளில் ஊரே கதவடைத்துக் கிடக்கும், விடுதியும் காலி. அவள் தன் பாட்டி வீட்டுக்கு என்னை அழைத்துப் போனாள். 24-ஆம் தேதி இரவு பலர் வீட்டில் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான் சாப்பாடு. நான் சைவம் என்று கேள்விப்பட்டிருந்த பாட்டி, எனக்கென்று தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டி போட்டு வைத்திருந்தார். பாட்டி, உங்களுக்கும் என் வணக்கம்.

இப்போது எங்கள் ஆசியக் கடை ஆன்ட்டி. வியட்நாமிலிருந்து எண்பதுகளில், கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது தொழிற்சாலை வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். 1980-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அப்படி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பெர்லின் சுவர் விழுந்ததும் ஆலைகள் மூடின, பலர் ஊர் திரும்பினார்கள், ஆன்ட்டி கடை போட்டு நிலைத்துவிட்டார். அவரும் நானும் பேசிக்கொள்வது ஜெர்மனில்தான், இருவருக்குமே அது அந்நிய பாஷை. எங்களுக்காகத் துவரம்பருப்பு வரவழைத்தார், கொத்தமல்லிக் கட்டை எடுத்து ஒதுக்கி வைத்தார். ஜனவரியில், காலை எட்டு மணி தாண்டியும் விடியாத அந்த நாட்களில், எனக்குக் கடும் காய்ச்சல். பக்கத்து அறைத் தோழி 116117 என்ற மருத்துவர் உதவி எண்ணுக்குப் பேசி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்தாள். (புதிதாக வருகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 112.) மறுநாள் என்னைக் கடையில் காணோமே என்று விசாரித்த ஆன்ட்டி, கடையை மகனிடம் விட்டுவிட்டு விடுதி வாசலுக்கு வந்துவிட்டார். கையில் தூக்கு நிறைய அரிசிக் கஞ்சி, மேலே இஞ்சி நறுக்கிப் போட்டது. அவர்கள் ஊரிலும் காய்ச்சலுக்குக் கஞ்சிதானாம். அதைக் குடித்த பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்து பேச எனக்குக் குரல் வந்தது.

படிப்புப் பக்கம் நான் கடன்பட்டவர் ஒரு டிராக்டர் ஓட்டுநர். ஹாலேயில் ‘நிரந்தரக் கம்பு’ என்று ஒரு சோதனை வயல் இருக்கிறது. நம் கம்பு இல்லை, ரை என்னும் தானியம். சுற்றி வளைக்காமல் ரை என்றே சொல்லிவிடுகிறேன். யூலியுஸ் கியூன் என்ற வேளாண் பேராசிரியர் 1878-இல் தொடங்கியது. ஒரே நிலத்தில் அன்றிலிருந்து ரை விதைத்து வருகிறார்கள். ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. எதுவுமே போடாத அந்தப் பாத்தியிலும் இன்றுவரை கதிர் வருகிறது, குறைவாகத்தான். உலகின் மிகப் பழைய நீண்டகாலப் பயிர்ச் சோதனைகளில் இதுவும் ஒன்று. பாடத்தில் இது இரண்டு பத்தி. அந்த ஓட்டுநர் எனக்கு ரப்பர் பூட்ஸ் தேடிக் கொடுத்து, பாத்தி பாத்தியாக நடத்திக் கூட்டிப்போய், மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து காட்டினார். ஆங்கிலம் அவருக்கு வராது. எனக்குப் புரியும் வரை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுவார், சலித்துக்கொள்ளவே மாட்டார்.

ஹாலே ஹார்ட்ஸ் மலையின் மழை மறைவுப் பகுதி, ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழைதான். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஒன்றே அதைத் தாண்டிவிடும் என்றதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். குறுவை, சம்பா, தண்ணீர் நிற்கும் வயல், நாற்று நடவு எல்லாவற்றையும் போனில் படம் காட்டினேன். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம் என்று குளிர்காலத்தில் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அப்புறம் 2025 ஜூன் 12 காலை, என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் திறந்துவிட்டார்களா?" திறந்துவிட்டார்கள் ஐயா. ஊருக்குப் போனதும் எங்கள் வயல் படத்தை உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

பிராங்கே அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்தில் எங்களுக்கு நேரம் ஒதுக்கிய அம்மையாருக்கும் நன்றி. ஹாலேயில் படித்த பாதிரியார் சீகன்பால்க் 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடி, எங்கள் மாவட்டத்து ஊர். அந்தத் தொடர்பால் அங்கே தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. நான் எந்த ஊர் என்று கேட்டதும், பழைய தரங்கம்பாடி வரைபடம் ஒன்றையும் அவராகவே எடுத்து வந்து மேசையில் விரித்தார்.

கல்லூரியில் என் விண்ணப்பத்தை விடாமல் துரத்திய ஐயாவுக்கும், வட்டி கட்டும் தேதியை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் ஊரில் நேரில் வந்து சொல்கிறேன்.

அக்டோபரில் வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு: குக்கர், இட்லித் தட்டு, கனமான போர்வை, குளிர்கோட்டு, சைக்கிள் எல்லாம் விடுதி நிலவறையில் ஹவுஸ்மைஸ்டரிடம் வைத்திருக்கிறேன். சைக்கிளின் பின் பிரேக்கைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். அந்த அண்ணன் இன்னும் ஓராண்டு அங்கேதான் இருக்கிறார், வீட்டு விளம்பரம் எது வந்தாலும் அவரிடம் காட்டாமல் பணம் அனுப்பாதீர்கள். ஆன்ட்டி கடைக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள், கொத்தமல்லி அன்றைக்குத்தான் புதிதாக வரும். என் பெயரைச் சொன்னால் எடுத்து வைப்பார்.

நன்றியுடன்,
உங்கள் மயிலாடுதுறை மாணவி