ப்ரிட்டின் பெயர் ஏன் இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிங்கப்பூர் கட்டுரையில், 1954-ல் ராஜதுரோக வழக்கில் சிக்கிய மாணவர்களை 'லீ குவான் யூ வாதாடி விடுவித்தார்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். மாணவர்கள் நடத்திய 'ஃபஜார்' பத்திரிகை மீதான வழக்கு அது. லீ அதில் ஜூனியர். சீனியராக நின்று வாதாடியவர் லண்டன் பாரிஸ்டர் டி.என். ப்ரிட். குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேரில் அருட்சோதியும் ஒருவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ப்ரிட்டின் பெயரை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

இது முதல் தடவையும் அல்ல. உங்கள் வியட்நாம் தொடரில் ஹோ சி மின் ஹாங்காங் சிறையிலிருந்து 'விடுதலையானார்', அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் கையில் அவரை ஒப்படைத்துவிடக் கூடாது என்று லண்டனில் மேல்முறையீடுகளை விசாரிக்கும் பிரிவி கவுன்சிலில் அவருக்காக நின்றவர் ப்ரிட். எதிர்த்தரப்பில் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், 1942-ல் டெல்லிக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ்! அப்புறம் கென்யா. அந்நாட்டு விடுதலைத் தலைவர் கென்யாட்டா மீதான வழக்கைக் கபங்குரியா என்ற ஒதுக்குப்புறத்தில் வைத்து நடத்தினார்கள். இங்கே நியாயம் மறுக்கப்படுகிறது என்று லண்டன் எம்.பி.க்களுக்குத் தந்தி கொடுத்ததற்காக ப்ரிட் மீதே நீதிமன்ற அவமதிப்பு வழக்கு பாய்ந்தது. அதிலிருந்து விடுபட்டு வந்து மறுபடி வாதாடினார். உங்கள் பத்திரிகையில் அவர் 'ஓர் ஆங்கிலேய வக்கீல்'. அப்போதே கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் ஐயா மில் தொழிலாளர் வழக்குகளை எடுக்க ஆரம்பித்ததும், பெரிய கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வக்காலத்தை மாற்றிக்கொண்டு கேஸ் கட்டுகளை எடுத்துப்போனார்கள். அலமாரியில் மேல்தட்டு முழுக்கக் காலி. கடைசியில் தீர்ப்பு சாதகமாக வந்தபோது, செய்தியில் சங்கத் தலைவர் பெயர் இருந்தது, மந்திரி பெயர்கூட இருந்தது. ஐயா பெயர் இல்லை. அன்று அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுத்த கட்டைப் பிரிக்கச் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

ப்ரிட்டை மகான் ஆக்கச் சொல்லவில்லை. ஸ்டாலின் தன் பழைய தோழர்கள் மீது நடத்திய 1936 மாஸ்கோ விசாரணையை நியாயமானது என்று எழுதியவர் அவர். அது பெரும் பிழை. ஃபின்லாந்து மீதான சோவியத் படையெடுப்பை ஆதரித்ததால் 1940-ல் பிரிட்டனின் தொழிற்கட்சி, தன் எம்.பி.யாக இருந்த அவரை வெளியேற்றியது. ஆனாலும் 1945-ல் அந்தக் கட்சி வேட்பாளரையே தோற்கடித்து லண்டனின் வடக்கு ஹாமர்ஸ்மித் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் திரும்ப அனுப்பினார்கள். 1950-ல் தோற்கடித்ததும் அதே மக்கள்தான். சரி, குறையையும் சேர்த்தே எழுதுங்கள். பெயரே இல்லாமல் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த இதழில் 'ஃபஜார் வழக்கில் முதன்மை வழக்கறிஞர் டி.என். ப்ரிட்' என்று ஒரு வரி திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மதுரை.