அப்கிரேடை மார்கழிக்குத் தள்ளிப் போடுங்கள்: கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்யாண ஸ்டுடியோ நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு நான் முகம் தெரியாத ஆள். உங்கள் ஹார்ட் டிஸ்க் கூரியரில் என்னிடம் வரும். படங்களைத் தேர்வு செய்து, கலர் பார்த்து, ஆல்பத்துக்குத் தயாராக்கித் திருப்பி அனுப்புவேன். பணம் சில சமயம் தாமதமாக வருவதைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்று பேச வந்தது, நாம் படம் திருத்தும் அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் உங்கள் திருத்தங்களெல்லாம் பதிவாகும் கோப்பான கேட்டலாக்கைப் பற்றி. அதை யார், எப்போது அப்கிரேடு செய்வது என்பதைப் பற்றி.

இப்போது எப்படி நடக்கிறது? ஐப்பசி முகூர்த்தம் சூடு பிடித்திருக்கும். எடிட்டிங் பையன் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போடுவான். “அண்ணா, புது வெர்ஷன் வந்திருக்கு. கேட்டலாக்கை அப்கிரேடு பண்ணணுமான்னு கேக்குது, ஓகே குடுத்திடவா?” நீங்கள் ரிசப்ஷன் மேடைக்கு எதிரே நின்றுகொண்டிருப்பீர்கள். “குடுத்திடு, குடுத்திடு.” ஏழெட்டு வருட வேலை அடங்கிய ஒரு கோப்பின் தலையெழுத்து, லைட் மியூசிக் சத்தத்துக்கு நடுவே இப்படி முடிவாகிவிடுகிறது.

ஐப்பசியைக் காரணத்தோடுதான் சொன்னேன். அடோபி சில வருடங்களாகவே நாம் ஓட்டும் லைட்ரூம் கிளாசிக்கின் பெரிய பதிப்பை அக்டோபரில்தான் விடுகிறது. 2023இல் 13ஆம் பதிப்பும் 2024இல் 14ஆம் பதிப்பும் அப்படித்தான் வந்தன. நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து அவர்கள் வெளியிடப் போவதில்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. புதுப் பதிப்பின் சில்லறைக் கோளாறுகளுக்கும் அதற்குள் திருத்தம் வந்திருக்கும். அதுவரை, அடோபி மென்பொருள்களை நிறுவித் தரும் கிரியேட்டிவ் கிளவுடில் தானாக அப்டேட் ஆவதை அணைத்து வையுங்கள். பிறகு அப்டேட் செய்தால் பழைய பதிப்பு கணினியில் தங்காது, புதியது அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். சர்ச் கல்யாணம் அதிகம் எடுப்பவர்களுக்கு மார்கழி சரிப்படாது, தவக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஓகே பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

கேட்டலாக்குக்குள் படம் இல்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்துச் சிட்டாவில் நிலம் இருக்காது, யார் பேரில் எவ்வளவு நிலம் என்ற விவரம்தான் இருக்கும். இதுவும் அந்த மாதிரி. எந்தப் படம் எந்த டிஸ்க்கில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் எவ்வளவு எக்ஸ்போஷர் ஏற்றினீர்கள், எங்கே வெட்டினீர்கள், எத்தனை ஸ்டார் போட்டீர்கள், எந்தக் கலெக்ஷனில் வைத்தீர்கள், எல்லாம் அங்கே பதிவாகிறது. அது ஒரு எஸ்.கியூ.லைட் தரவுத்தளம். படம் அதிகமானால் கேட்டலாக் வெடித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரு எஸ்.கியூ.லைட் கோப்பு 281 டெராபைட் வரை போகலாம். கல்யாணத்துக்கு 5,000 படம், வருடத்துக்கு 40 கல்யாணம் என்று வைத்தாலும் 2 லட்சம் படம்தான். அந்த எல்லை நம்மைத் தொடவே தொடாது. நம்மைத் தொடுவது நிரம்பி வழியும் சி டிரைவும், கேட்டலாக்கையே பழைய யு.எஸ்.பி. டிஸ்க்கில் வைத்து ஓட்டும் பழக்கமும்தான். படங்கள் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், கேட்டலாக்கை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள்.

பெரிய பதிப்புக்குப் போகும்போது லைட்ரூம் உங்கள் கேட்டலாக்கை அப்படியே மாற்றுவதில்லை. பக்கத்திலேயே புது வடிவத்தில் ஒரு நகல் எழுதுகிறது. பெயரின் கடைசியில் வழக்கமாகப் பதிப்பு எண் ஒட்டிக்கொள்ளும். பழையது அழியாமல் கிடக்கும். நகல் எழுத இடம் வேண்டும் என்பதால் சி டிரைவில் முதலில் இடம் பண்ணுங்கள். பெரிய கேட்டலாக்கில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை நகராமல் வெகுநேரம் நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துக் கணினியை அணைத்துவிடுகிறார்கள் பாருங்கள், பாதி அவதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மீதி அவதி அப்கிரேடு ஒழுங்காக முடிந்த பிறகு வருவது. சமீபத்தில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த டிஸ்க்கில் பழைய கேட்டலாக், புது கேட்டலாக் இரண்டுமே இருந்தன. இரண்டிலும் ஒரே கல்யாணம். ஒரு பையன் புது கேட்டலாக்கைத் திறந்து முகூர்த்தத்தை முடித்திருக்கிறான். இன்னொரு பையன் பழைய பதிப்பு இருக்கும் கணினியில் பழையதை டபுள் கிளிக் செய்து ரிசப்ஷனை முடித்திருக்கிறான். இரண்டு பேரும் உண்மையாக உழைத்திருக்கிறார்கள். ஆனால் எதைத் திறந்தாலும் பாதிக் கல்யாணம் கலர் பார்க்காமல் நிற்கிறது. இரண்டையும் ஒன்று சேர்த்த கூலியை யாரிடம் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்கிரேடு முடிந்து சரிபார்த்ததும் பழைய கேட்டலாக்கை ஜிப் செய்து வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். ஒரு ஸ்டுடியோவில் எத்தனை கணினி இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். புதுப் பதிப்பில் எழுதிய கேட்டலாக்கைப் பழைய பதிப்பு திறக்காது.

கேட்டலாக்கை எனக்கு அனுப்பும்போது ‘எல்.ஆர்.கேட்’ என்ற கோப்பை மட்டும் காப்பி செய்து அனுப்புகிறீர்கள். 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து அதன் பக்கத்திலேயே ‘எல்.ஆர்.கேட்-டேட்டா’ என்று இன்னொன்று உட்கார்ந்திருக்கும். மாஸ்க், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தப் போட்ட மறைப்பின் விவரம் அதில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் பயணம் போக வேண்டும். திரையில் காட்டும் சின்னப் படங்கள் இருக்கும் பிரிவ்யூ ஃபோல்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படங்களிலிருந்து திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் பேக்கப். லைட்ரூமை மூடும்போது பேக்கப் எடுக்கட்டுமா என்று அது கேட்கும். பையன் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ‘இந்த முறை வேண்டாம்’ என்பதை அழுத்துவான். அப்படியே எடுத்தாலும் அது கேட்டலாக்குக்குத்தான் பேக்கப், படங்களுக்கு இல்லை. அதுவும் வழக்கமாக அதே டிஸ்க்கிலேயே போய் உட்காரும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். அந்த ஜன்னலிலேயே இடத்தை மாற்றி வேறு டிஸ்க்கைக் காட்டலாம். வாரம் ஒரு தடவை, டெஸ்ட் (கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது), ஆப்டிமைஸ் (கோப்பைச் சீராக்குவது) இரண்டு டிக்கும் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். சொன்னால் போதாது, சனிக்கிழமை கேளுங்கள்.

திருத்தங்களைக் கேட்டலாக்குக்கு வெளியே எழுதி வைக்கும் எக்ஸ்.எம்.பி. கோப்பு பற்றியும் சொல்ல வேண்டும். லைட்ரூம் மாதிரியே இருந்த ஆப்பிளின் அப்பர்ச்சர் மென்பொருளை நம்பி வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். 2014இல் அதை இனி வளர்க்கப் போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. 2019இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. ஒரே மென்பொருளின் கோப்பை மட்டும் நம்பினால் இதுதான் கதி. அதனால் மார்கழியில் அப்கிரேடுக்கு முன்பாக, எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் எஸ் கொடுத்துவிடுங்கள். திருத்தங்கள் ஒவ்வொரு ரா படத்துக்கும் (கேமரா பதிவு செய்த மூலப் படம்) பக்கத்தில் சின்ன எக்ஸ்.எம்.பி. கோப்பாக எழுதப்படும். கேட்டலாக் கெட்டாலும் உழைப்பில் பெரும்பகுதி தேறும். ஆனால் கலெக்ஷனும், ஒரே படத்தை இன்னொரு விதமாகத் திருத்த எடுக்கும் விர்ச்சுவல் காப்பியும் அதில் ஏறாது, அவற்றுக்குக் கேட்டலாக்தான் கதி. அதனால் எக்ஸ்.எம்.பி. இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

ஒரே கேட்டலாக்கா, கல்யாணத்துக்கு ஒன்றா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். என் கட்சி வருடத்துக்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு அப்கிரேடிலும் நாற்பது முறை ஓகே கொடுக்க வேண்டும், யாரும் கொடுக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால், அது கெட்ட அன்றைக்கு எல்லா வேலையும் நிற்கும். வருடக் கணக்கு நமக்குத் தோதானது, ஏனென்றால் வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்த வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குப் போன் வரும். தாத்தா தவறிவிட்டார், மேடையில் மாலை வாங்கும்போது எடுத்த படம் வேண்டும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்பது மணிக்குள் அச்சுக்குப் போகணும் என்பார்கள். அந்த வருடத்துக் கேட்டலாக்கைத் திறந்து, மணமக்கள் பெயரைத் தட்டிப் படத்தை எடுக்கப் பத்து நிமிடம் போதும். அதற்குப் படங்களை லைட்ரூமுக்குள் கொண்டுவரும்போதே மணமக்கள் பெயரும் ஊரும் கீவேர்டாகப் போட்டிருக்க வேண்டும். இதைப் பையன் தானாகச் செய்யமாட்டான், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காசு கொடுக்காமல் கிராக் (திருட்டுப் பதிப்பு) போட்டு ஓட்டுபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுடைய பதிப்பு எது என்று அவர்களுக்கே தெரியாது.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டிஸ்க் அனுப்பும்போது மேலே ஒட்டும் தாளில் மணமக்கள் பெயருக்குக் கீழே லைட்ரூம் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோவைத் திறந்தால் முதல் வரியிலேயே இருக்கும். எண் இல்லாமல் வரும் டிஸ்க்கை இந்தத் தை முதல் நான் திறக்கப் போவதில்லை, உங்களுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கேபிளைச் சொருகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்பங்களுக்குக் கலர் பார்க்கும் ஒருவன்