இரைச்சலும் ஓர் எச்சரிக்கைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஜிட்டல் வயர்லெஸ் (வாக்கி-டாக்கி) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, இரைச்சலே இல்லாத குரல்தான் அதன் முதல் சிறப்பு என்கிறது. வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் பாதி உண்மை என்றே சொல்வேன்.

குரலை அலையாகவே அனுப்பும் பழைய அனலாக் கருவியில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் ஏறும். அதைக் கேட்டதுமே நாலடி தள்ளி நின்று பேசுவோம். குரலை எண்களாக மாற்றி அனுப்பும் டிஜிட்டலில் குரல் ஏறக்குறைய கடைசிவரை சுத்தமாக வரும். பிறகு சட்டென்று நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சங்கடம் குரலைச் சுருக்கும் முறையில் இருக்கிறது. சாதாரணத் தொலைபேசியில் விநாடிக்கு 64,000 பிட் பிடிக்கும் பேச்சை, அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகளில் புழங்கும் பி25 முறை 4,400 பிட்டுக்குள் அடக்குகிறது. மைக்கில் விழுவது மனிதக் குரல்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, மறுமுனையில் அதைப் புதிதாக உருவாக்குகிறது. தீ விபத்தில் வெறும் குரலா விழும்? கதவை அறுக்கும் ரம்பச் சத்தம் விழும். அசையாமல் கிடக்கும் வீரரின் உடலில் மாட்டிய அபாய ஒலிப்பான் அலறும். கணக்கு குழம்பிவிடும். அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளில், இத்தகைய சில இரைச்சல்களுக்கு நடுவே அனலாக் பேச்சே நன்றாகப் புரிந்தது.

நியூயார்க் தீயணைப்புத் துறை 2001 மார்ச்சில் புதிய டிஜிட்டல் கருவிகளைக் கொடுத்த வேகத்திலேயே திரும்பப் பெற்றது. குயின்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சிக்கிய வீரரின் அபாய அழைப்பு, சம்பவ இடத்தில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. அதற்காக அனலாக்குக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத்துக்குள் போனவர்களிடம் இருந்தவை பழைய கருவிகள்தாம். அவையும் காலை வாரின.

கருவிகளை இணைக்கும் வயர்லெஸ் கோபுரம் செயலிழப்பது இன்னொரு தொல்லை. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலை வெள்ளத்தின்போது மின்சாரமும் கேபிளும் அறுபட்டு, டிஜிட்டல் கோபுர நிலையங்கள் பல ஊமையாயின.

இப்படிப்பட்ட கருவிகளைக் குளிர்சாதன அறையில் பேசிக்காட்டி விற்கிறார்கள். எந்த ஊர்த் துறை வாங்கினாலும், முகமூடி அணிந்து, பக்கத்தில் ரம்பத்தை ஓடவிட்டு, கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து பேசிப் பார்ப்பதை டெண்டரிலேயே நிபந்தனையாக்க வேண்டும். கோபுரத்தை நம்பாமல் கருவிக்குக் கருவி நேரடியாகப் பேச ஓர் அலைவரிசையும் ஒதுக்க வேண்டும். தேறியதா இல்லையா என்று கையெழுத்திட வேண்டியவர் உள்ளே போகும் வீரர். விற்பனைப் பிரதிநிதி அல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி