செவிலியர் பயிற்சியில் குரலின் இடம்: தோழிக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான இணையவழிப் பயிற்சியை வடிவமைக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கிய ஒருத்தி எழுதும் பாடத்தில் அந்த வீடுகளின் வாசனையும் இருக்கும். இங்கே அனைவரும் நலம். வானொலி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஒலிப்பதிவு என்னை விடவில்லை; அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே, பாடங்களில் பாட்காஸ்டை, அதாவது வேண்டும்போது கேட்டுக்கொள்ளும் ஒலிப்பகுதிகளை, எந்த அளவுக்குச் சேர்க்கலாம் என்ற உன் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மாதிரிப் பாடத்தில், திரையில் இருக்கும் வரிகளையே ஒரு குரல் அப்படியே வாசிக்கிறது. அதை எடுத்துவிடு என்பதே என் முதல் வேண்டுகோள். கண் ஒரு வரியை முடித்து அடுத்ததற்குப் போன பின்னும் குரல் பழைய வரியிலேயே நிற்கும். இரண்டையும் ஒட்டவைக்கும் முயற்சியிலேயே கவனம் கரைந்துவிடும். கலிபோர்னியாவில் பல்லூடகக் கல்வியை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர், படமும் விளக்கக் குரலும் சேர்ந்தால் கற்றல் மேம்படுகிறது என்றும், அவற்றோடு அதே விளக்கத்தை எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் பெரும்பாலும் குறைகிறது என்றும் காட்டினார். படத்தை விளக்குவதற்குக் குரலைப் பயன்படுத்து. எழுத்தை வாசிப்பதற்கு அது வேண்டாம்.

குரலுக்கே உரிய பாடங்கள் உன் துறையில் நிறைய இருக்கின்றன. மூச்சை வெளிவிடும்போது கேட்கும் இழைப்புக்கும், மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டையிலிருந்து எழும் கரகரப்புக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை பக்கம் எழுதினாலும் புரியவைக்க முடியாது. அரை நிமிட ஒலிப்பதிவு போதும். கக்குவான் இருமலின் முடிவில் வரும் அந்த நீண்ட இழுப்பும் அப்படித்தான். இன்னொன்று உரையாடல். முதல் ஊசிக்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததால் அடுத்த ஊசியை மறுக்கும் தாயிடம் எப்படிப் பேசுவது, குறுக்கே பேசும் மாமியாரைப் பகைத்துக்கொள்ளாமல் எப்படி உடன் அழைத்துக்கொள்வது என்பதெல்லாம் தொனியில் இருக்கிறது. அனுபவமுள்ள ஒரு செவிலியர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார் என்பதை இளையவர்கள் காதால் கேட்டுத்தான் கற்க முடியும்.

எண்களை மட்டும் குரலை நம்பி விடாதே. இருமலோ மூச்சுத்திணறலோ உள்ள குழந்தைக்கு, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50 மூச்சு, ஒன்று முதல் ஐந்து வயது வரை என்றால் 40 மூச்சு, அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான சுவாசம் என்று கொள்வதை நீ அறிவாய். பேருந்தில் கேட்டுக்கொண்டு போகிறவர் அந்த இரண்டு எண்களை மாற்றி நினைவில் வைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. மருந்தளவு, அட்டவணை, எல்லை எண்கள் எல்லாம் கைப்பேசியில் சேமித்துவைக்கக்கூடிய ஓர் அட்டையாகவே இருக்கட்டும்.

எந்தத் தமிழில் பேசுவது என்பதுதான் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுற்றறிக்கைத் தமிழை ஒலிவாங்கி முன் வாசித்தால், சில நிமிடங்களிலேயே கேட்பவரின் மனம் வெளியேறிவிடும். கண் நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிச் செல்லும். காதால் அது முடியாது, வினைச்சொல்லோ நம் மொழியில் கடைசியில்தான் வருகிறது. அதற்காக வட்டார வழக்கில் முழுவதும் இறங்கினால், தஞ்சாவூர்க்காரர் பேச்சு நாகர்கோவிலில் அந்நியமாக ஒலிக்கும். அனுபவமுள்ளவர் தன் கீழ் பணிபுரியும் இளையவருக்கு மரியாதையோடு விளக்கும் பேச்சு நடை ஒன்று உண்டு, அதில் எழுது. எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்திலெல்லாம் வாக்கியத்தை உடைத்துவிடு. தாயாக நடிப்பவர்கள் மட்டும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும். செவிலியர்கள் களத்தில் கேட்கப்போவது அதைத்தான்.

ஒலி மட்டுமே பயிற்சியாகிவிடாது என்பதையும் வானொலி எங்களுக்குக் கற்றுத்தந்தது. 1956இல் புணே வட்டாரக் கிராமங்களில் யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி நடத்திய உழவர் மன்றங்களில், உழவர்கள் கூடி நிகழ்ச்சியைக் கேட்டார்கள், உடனே விவாதித்தார்கள், ஐயங்களை நிலையத்துக்கு எழுதினார்கள். பிற்பாடு தஞ்சை வயல்களில் வானொலி வழியாகப் பரவிய ஆடுதுறை 27 என்ற ரகத்தை மக்கள் ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள் என்பது நம் தலைமுறைக்குத் தெரிந்த செய்தி. உன் பயிற்சியிலும் ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு ஒரு கேள்வி வரட்டும், "இந்தத் தாய்க்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு, பதிலைக் குரல்பதிவாக வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல். மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து மீட்டுச் சொல்வது ஒரு வாரம் கழித்தும் நிலைக்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை நீயே கேட்டு மறுமொழி சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும். கேட்க ஆளில்லாத குழு விரைவில் அடங்கிவிடும்.

ஒலிப்பதிவுக்குக் கருவிகளைத் தேடி அலைய வேண்டாம். துணிகள் நிறைந்த சிறிய அறை, நிறுத்தப்பட்ட மின்விசிறி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த கைப்பேசி, திருத்துவதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள், இவை போதும். நொடிக்கு 64 கிலோபிட் வீதம், மோனோவாக (ஒற்றைத் தட ஒலியாக) சேமித்தால் எட்டு நிமிடப் பகுதி நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கும். சிக்னல் கிடைக்காத துணை சுகாதார நிலையங்களுக்காக, தரவிறக்கிக் கேட்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்து வடிவத்தையும் சேர்த்துக் கொடு, காது மந்தமான செவிலியர்களும் பணியில் இருக்கிறார்கள். வண்டி ஓட்டும்போது கேட்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடு. உண்மையான தாய்மாரின் குரலை, ஒப்புதல் இருந்தாலும், பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. சிற்றூரில் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

தடுப்பூசி மறுக்கும் தாயின் உரையாடலையே முதல் பகுதியாக வைத்துக்கொள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. உரக்கப் படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். மாமியார் வேடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் அதையும் நானே பேசித் தருகிறேன்.

அன்புடன்,
கமலா