போனில் சொல்லாதது

கிரான்.

அன்பு மகனுக்கு,

அம்மாவும் தங்கச்சியும் சுகம். போன வெள்ளிக்கிழமை "செவலை எப்படி அப்பா?" என்று கேட்டாய். "இருக்குடா" என்று கதையை மாத்திப்போட்டன். நீ கட்டார் வெயிலில் நின்று உழைச்ச காசில் வாங்கின மாடு, சொல்ல வாய் வரல்ல மனே.

செவலையின்ட கன்று விழுந்திட்டு. ஏழு மாசச் சினை.

மூன்று நாளாய்த் தீன் எடுக்கல்ல. வெக்கையாக்கும் என்று இருந்திட்டன். நாலாம் நாள் மூத்திரம் சாயம் கூடின பிளேன்ரீ போல போச்சு. மறுகாதான் மிருக வைத்தியரிட்ட ஓடினன். காதில் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார். பபேசியாவாம். உண்ணி கடிக்கக்குள்ள உள்ளே போற கிருமி. ரத்தச் சிவப்பணுவுக்குள்ள குந்தியிருந்து பெருகி, அதையே உடைச்சுப்போடும். உடைஞ்ச சாயம்தான் மூத்திரத்தில் வந்திருக்கு. டிமினசீன் ஊசி போட்டார். மாடு தப்பிட்டு.

நம்மட நாட்டு மாடுகளிலயும் அதே உண்ணிதான். ஒண்டுக்கும் ஒண்ணுமில்ல! கேட்டன். கன்றிலேயே கடிபட்டு, லேசாய் வந்து போய், உடம்பு பழகிட்டாம். இவள் நுவரெலியாக் குளிரில் வளர்ந்த ஜேர்சிக் கலப்பு, உண்ணியைக் கண்டவளே இல்ல.

பிழை என்னிலயும் இருக்கு. உண்ணி மருந்து விலை என்று தண்ணியைக் கூட்டிக் கலந்தன், ஒருதரம் அடிச்சிட்டு விட்டுட்டன். அந்த உண்ணி மாட்டில் இருக்கிறது மூன்று கிழமைதான். ரத்தம் குடிச்சு ஊதின பொட்டை கீழே விழுந்து, கொட்டில் வெடிப்புக்குள்ள இரண்டாயிரம் முட்டைக்கு மேல போடும். தாயிட்ட கிருமி இருந்தால் குஞ்சுக்கும் வருமாம். அதால மூன்று கிழமைக்கு ஒருக்கா, லேபலில் உள்ள அளவில், காதுக்குள்ள, வாலடி, மடிக்கிடை எல்லாம் படத் திருப்பித் திருப்பி அடிக்கணும். அளவு குறைஞ்சால் உண்ணி மருந்துக்குப் பழகிப்போகும். மண்ணெண்ணெய் தடவினதுக்கும் ஏச்சு வாங்கினன், அது மாட்டுத் தோலையல்லவா எரிக்கும்.

பெரும்போகம் விதைச்சாச்சு, பட்டியை மாதவனை மேய்ச்சல் தரைக்குச் சாய்ச்சிட்டம். செவலை மட்டும் வீட்டில்.

இரண்டாவது மாட்டுக்கென்று காசு அனுப்பாத. கொட்டில் வெடிப்பை முதல் சீமெந்தால அடைக்கணும், அதுக்கு என்னிட்ட இருக்கு. வாங்கிறதெண்டால் மறுகா இந்தப் பக்கத்திலயே பிறந்து வளர்ந்த கிடாரி பார்ப்பம்.

கன்றைப் பற்றி அம்மாட்டக் கேட்டிராத. திரும்ப அழத் தொடங்குவா.

இப்படிக்கு,
அப்பா