பெட்டியை விற்றுவிடாதே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுப் பதிவுக்கு வாங்கிய இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் அந்தப் பெட்டியை, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். நீ எழுதியிருக்கும் தொல்லைகளில் எதுவும் பெட்டியின் கோளாறாகத் தெரியவில்லை.

பாடும்போது உன் குரலே ஹெட்போனில் பின்தங்கி வருகிறது என்றாயே, முதலில் நீ பதியும் மென்பொருளான ரீப்பரில் பஃபரைப் பார், அதாவது கணினி ஒரு தடவைக்கு எத்தனை ஒலித் துணுக்குகளை (சாம்பிள்) சேர்த்து வைத்துக் கையாளுகிறது என்று. 512 என்று இருந்தால், நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் அது 10.7 மில்லிசெகண்ட் தாமதம். உள்ளே போக ஒரு தரம், வெளியே வர ஒரு தரம். ஆக 21-க்கு மேல். காலப்பிரமாணம் பிடித்துப் பாடுகிற உனக்கு அது இடறாமல் இருக்குமா? பதிவின்போது 128-க்கு இறக்கு. போக வர ஐந்து சொச்சம்தான். பெட்டியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரும், ஒலியை எண்ணாக மாற்றும் கன்வர்ட்டரும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். பட் பட்டென்று வெடிப்புச் சத்தம் வந்தால் கணினி திணறுகிறது என்று அர்த்தம். ரிவெர்ப் முதலான ப்ளக்-இன்களை அணைத்துவிட்டு 256 வைத்துப் பார். மிக்ஸ் செய்யும்போது 1024-கூட வைக்கலாம், அப்போது தாமதம் யாரையும் தொந்தரவு செய்யாது. விண்டோஸில், பெட்டியைத் தயாரித்தவர்களே கொடுக்கும் தாமதம் குறைந்த ஏசியோ (ASIO) டிரைவரைப் போட்டுக்கொள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பெட்டியில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கிறதல்லவா, அதை அழுத்து. மைக்கின் ஒலி கணினியைச் சுற்றி வராமல் நேரே காதுக்கு வந்துவிடும். ஆனால் ரீப்பரில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்தே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் குரல் ஒரு குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

அடுத்து அந்த 'உம்' இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார். இரைச்சல் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100-ம் 150-ம் கூடவே ஒலிக்கும். லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எர்த் சரியாக இருக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடு. ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளை வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் வகையாக மாற்று. யாராவது மின் பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த்தை, கழற்றச் சொன்னால் கேட்காதே, உயிருக்கே ஆபத்து.

உன் தங்கையின் வீணை பிக்கப் தகரம் போல் ஒலிப்பதற்குக் காரணம், அது லைன் இன்புட்டில் செருகப்பட்டிருப்பதுதான். அதிர்வை மின் சைகையாக்கும் பியஸோ பிக்கப்புக்கு, செருகும் இடத்தில் ஒரு மெகா ஓம் அளவுக்கு இம்பீடன்ஸ் (மின்தடை போன்றது) வேண்டும். 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்து. லைனில் அது மிகக் குறைவு என்பதால் மந்திர ஸ்தாயிதான் முதலில் கரைந்துபோகும்.

சுருதி ஏறிவிட்டது என்ற புகார்தான் சுவாரசியமானது. பெட்டி 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓட, ப்ராஜெக்ட் 48 என்று எண்ணிப் பதிந்தால், திரும்பக் கேட்கும்போது ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாக ஓடும். ஒன்றரைக் கட்டையில் பாடியது இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் போய் நிற்கும். எந்தத் தம்புராவோடும் ஒட்டாது. டிரைவர், விண்டோஸ் சவுண்ட் செட்டிங், ரீப்பர் மூன்றிலும் 48 என்றே வை. வீடியோவுக்கும் அதுதான் தேவை.

மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் விஷயத்தில் பேராசை வேண்டாம். தார ஸ்தாயியில் முழுக் குரலில் பாடிப் பார்த்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வை. 24 பிட்டில் அது தாராளம். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அந்தச் சிதைவு பதிவோடே வந்துவிடும், பிறகு ரீப்பரில் ஒலி அளவுக்கான ஃபேடரை இறக்கிப் பயனில்லை. கண்டென்சர் மைக்கைச் செருகிய பிறகே அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானைப் போடு, அதுவும் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டு.

இத்தனையும் சரியானால் கிடைக்கிற சுகம் பெரிது, முரளி. சரணத்துக்கு முன் நீ இழுக்கும் மூச்சு, தம்புராவின் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரம், கமகத்தின் அடியில் உரசும் அந்த மெல்லிய ஸ்வரம், எல்லாம் அப்படியே கேட்கும். நல்ல மைக்கும் அமைதியான ஒரு அறையும் போதும், பெரிய ஸ்டுடியோவைத் தேடவே தோன்றாது.

செட்டிங்கை மாற்றியதும் ஒரு பல்லவியைப் பதிந்து 24 பிட் வேவ் ஃபைலாக அனுப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாகுமென்ட்டாக இணை, வாய்ஸ் மெசேஜாக வந்தால் எதையும் கணிக்க முடியாது.

அன்புடன்,
சேகர்