மெரினா வான்காட்சிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
இரண்டாண்டு வான்காட்சிச் சுற்றுலாத் திட்டத்தில் பணம் கட்டிய வாடிக்கையாளர்,
தஞ்சாவூர் வட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
சுற்றுலா நிறுவனம்,
தஞ்சாவூர்.

நாள்: டிசம்பர் 2025

பொருள்: 2024 சென்னை மெரினா வான்காட்சிப் (விமானப்படையின் விமான சாகச நிகழ்ச்சி) பயணத்தில் சேவைக் குறைபாடு; 2025-க்கென வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தபோதெல்லாம் "மேலாளர் வெளியூர் போயிருக்கிறார்" என்ற பதில்தான் கிடைத்தது. எந்த ஊரில் இருந்தாலும் கடிதம் உங்களைத் தேடி வந்துவிடும் என்பதால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

நான், என் மனைவி, மகள், பேரன் என நான்கு பேருக்கு 2024 செப்டம்பரில் உங்களிடம் பணம் கட்டினேன். தலைக்கு 2,400 ரூபாய். அதில் 600 ரூபாய் 'கடலைப் பார்த்த பந்தலில் ஒதுக்கப்பட்ட நாற்காலி'க்கு என்று ரசீதில் தனியாகவே எழுதியிருக்கிறது. இது போக, 'ஆண்டுதோறும் மெரினாவில் நடக்கும் வான்காட்சிக்கு 2025-லும் இதே விலை' என்று சொல்லித் தலைக்கு 1,000 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டீர்கள். ஆக 13,600 ரூபாய். உங்கள் முத்திரை குத்திய ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

முதலில் அந்த 'ஆண்டுதோறும்' பற்றிப் பேசிவிடலாம்.

இந்திய விமானப்படை நாள் அக்டோபர் 8. அதையொட்டிய கொண்டாட்டம் நெடுங்காலம் டெல்லிக்கு அருகே ஹிண்டன் தளத்தில்தான் நடந்துவந்தது. 2022-இல் அதைச் சண்டிகருக்குக் கொண்டுபோனார்கள்; சுக்னா ஏரிக்கு மேலே விமானங்கள் பறந்தன. 2023-இல் பிரயாக்ராஜ், திரிவேணி சங்கமம். 2024-இல் விமானப்படையின் 92-ஆவது ஆண்டு விழாவுக்காக அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினா. சென்னைக்கு அப்படியொரு காட்சி 21 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது என்று எல்லா நாளிதழ்களும் எழுதின. ஆண்டுக்கு ஓர் ஊர் என்று நாடு முழுவதும் சுற்றும் நிகழ்ச்சியை மெரினாவிலேயே வருடா வருடம் நடப்பதாகச் சொல்லி அடுத்த ஆண்டுக்கும் பணம் வசூலித்திருக்கிறீர்கள். திருவாரூர் ஆழித்தேரை அடுத்த வருடம் கும்பகோணத்தில் இழுப்பார்கள் என்று டிக்கெட் விற்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

2025-இல் என்ன நடந்தது என்பது ஊரறிந்தது. அணிவகுப்பு ஹிண்டனுக்கே திரும்பியது. வான்காட்சி நவம்பர் 9 அன்று குவாஹாட்டியில், பிரம்மபுத்திரா மீது நடந்தது. அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முன் மேசையில் இருந்தவர் முதலில் "மெரினா நிகழ்ச்சி தள்ளிப்போயிருக்கிறது" என்றார். தள்ளிப்போகவில்லை ஐயா, அங்கே நடத்துவதாக யாருமே அறிவிக்கவில்லை. பிறகு, கூடுதல் பணம் கட்டினால் அடுத்த முறை எந்த ஊரில் நடந்தாலும் விமானத்தில் அழைத்துப்போவதாகச் சொன்னார். அதுவும் வேண்டாம் என்றதும், முன்பணத்தை நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி ஒரு நாள் சுற்றுலாவுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். "அங்கேயும் கடல் இருக்கிறதே" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. என் மனைவி பிறந்த ஊர் நாகூருக்குப் பக்கம். தாய்வீட்டுக்குப் போக அவருக்கு உங்கள் பேருந்து தேவையில்லை.

அடுத்தது உங்கள் துண்டுப்பிரசுரம். மேலே கொட்டை எழுத்தில் 'சூர்யகிரண் சாகசம்'. சூர்யகிரண் என்பது நம் விமானப்படையின் சாகச விமானக் குழு. கீழே ஒன்பது சிவப்பு விமானங்கள் சிவப்பு, வெள்ளை, நீலப் புகை விட்டபடி, கடலுக்குள் நீளும் ஒரு பாலத்துக்கு மேலே பறக்கின்றன. மெரினாவில் அப்படியொரு பாலம் கிடையாது. அந்த விமானங்களும் நம்முடையவை அல்ல. பிரிட்டன் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸ். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் பிரசுரத்தைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டான். நம் சூர்யகிரண் பறப்பதும் ஹாக் வகை விமானத்தில்தான், அவர்களும் ஹாக்தான், இரண்டு குழுவிலும் ஒன்பது விமானங்கள்தான். குழப்பம் வரலாம் என்று நானே உங்கள் சார்பில் அவனிடம் வாதாடினேன். "நம்முடையது சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் தாத்தா, வாலில் பிரிட்டன் கொடி நிறம் இருக்காது" என்றான். மேற்கொண்டு வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் 'ஆண்டுதோறும் கடற்கரையில்' என்ற வாசகமும் அந்தப் படத்தோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இங்கிலாந்தில் கோடைதோறும் இப்படி வான்காட்சி நடத்தும் கடலோர ஊர்கள் உண்டு. போர்ன்மவுத்தில் 2008-இல் தொடங்கினார்கள்; அவர்களே 2024-க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள்தான் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி அந்தப் பயணம். சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டு, கும்பகோணம், அணைக்கரை, பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாக நேராகச் சென்னை என்பது ஒப்பந்தம். கும்பகோணம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அங்கே பத்துப் பதினைந்து இருக்கைகள் காலியாக இருப்பதைப் பார்த்த உங்கள் ஆள் யாருக்கோ தொலைபேசினார். பேருந்து மயிலாடுதுறைப் பக்கம் திரும்பியது. அங்கே ஆள் ஏற்றக் காத்திருந்து, பிறகு சுற்றுவழியில் சென்னையை நோக்கிக் கிளம்பினோம். தாம்பரத்தைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலைப் பக்கம் தனியார் பேருந்தை விடமாட்டார்கள் என்று ஓட்டுநருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். திருவான்மியூரில் எங்களை இறக்கிவிட்டு, பறக்கும் ரயிலில் போய்க்கொள்ளுங்கள் என்றார்கள். அன்று பறக்கும் ரயில் நிலையங்கள் எப்படி இருந்தன என்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. என் மகள் பேரனின் கையைக் கடைசிவரை விடவே இல்லை.

காட்சி காலை 11 மணி முதல் மதியம் 1 மணி வரை. நாங்கள் கூட்டத்தோடு நகர்ந்து சாந்தோம் பக்கம் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. விமானப்படையின் கருடா கமாண்டோ வீரர்களின் செயல்விளக்கம், ஆகாஷ் கங்கா குழுவினர் பாராசூட்டில் குதித்தது, பழைய காலத்து ஹார்வர்டு, டகோட்டா விமானங்கள் எல்லாம் போயிற்று.

டகோட்டாவைத் தவறவிட்டதுதான் எனக்கு அதிக வருத்தம். போர் விமானம் எங்களுக்குப் புதிதல்ல. 2020 ஜனவரியில் 222-ஆவது படைப்பிரிவான டைகர்ஷார்க்ஸ் தஞ்சாவூர் தளத்துக்கு வந்ததிலிருந்து, அதன் சுகோய் போர் விமானம் எங்கள் தலைக்கு மேலேதான் போய்வருகிறது. அது கிளம்பினால் சமையலறைப் பாத்திரம் அதிரும், மாடு மிரளும். இப்போது மாடும் பழகிவிட்டது. டகோட்டா அப்படியல்ல. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படைவீரர்களைக் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண்ணான விபி 905-ஐத் தாங்கி, 'பரசுராமா' என்ற பெயரோடு 2018 முதல் விமானப்படையில் பறக்கும் விமானம் அது. இரண்டு விசிறி எஞ்சின்களின் உறுமலோடு அது தாழ்வாக மெதுவாகப் போவதைப் பார்க்க என் வயதுக்கு இன்னொரு வாய்ப்பு வருமா என்பது சந்தேகம். அது கடற்கரையைக் கடந்தபோது நான் ரயில் நிலையப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

நாற்காலி எங்கே என்று கேட்டோம். வழிகாட்டியாக வந்த தம்பிக்குப் பந்தல் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பந்தல்கள் அழைப்பு பெற்றவர்களுக்கு உரியவை. பொதுமக்களுக்குக் காட்சி முற்றிலும் இலவசம். அரசு இலவசமாகக் காட்டும் நிகழ்ச்சிக்கு, உங்களுக்கு உரிமையே இல்லாத நாற்காலியைத் தலைக்கு 600 ரூபாய்க்கு விற்றிருக்கிறீர்கள்.

திரும்பி வந்ததும் இதைச் சொல்லி முறையிட்டபோது உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்: "வானம் எங்கிருந்து பார்த்தாலும் வானம்தானே?" இந்தப் பதிலை நான் லேசாக விடுவதாக இல்லை. வான்காட்சி என்பது வானத்தில் கண்டபடி பறப்பது அல்ல. கூட்டம் நிற்கும் இடத்தை வைத்தே எல்லாம் கணக்கிடப்படுகிறது. கரைக்கு இணையாகக் கடல்மேல் ஒரு கோடு வகுத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே முக்கிய வித்தைகள் வரும்படி விமானிகள் பறக்கிறார்கள். கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். விபத்து நேர்ந்தாலும் கீழே வீடு இருக்காது, பார்ப்பவர் கண்ணுக்குத் தடுப்பும் இருக்காது. இரண்டு விமானங்கள் எதிரெதிரே பாய்ந்து, மோதிவிடுமோ என்று நெஞ்சு பதற வைத்து விலகும் இடம் உண்டு. உண்மையில் இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான இடைவெளி இருக்கும். எதிரே நிற்பவருக்குத்தான் அது உரசுவதுபோலத் தெரியும். பக்கவாட்டுத் தெருவில் நிற்பவருக்கு ஒன்று இந்தப் பக்கம் போகும், மற்றொன்று அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான்.

சுகோய் விஷயமும் அப்படியே. எங்கள் வீட்டு மாடியிலிருந்து அது உயரத்தில் போவதைத்தான் பார்க்கிறோம். அதன் எஞ்சின் பின்வாய் திரும்பக்கூடியது; அந்த வசதியால் மூக்கை நிமிர்த்திக்கொண்டு, நிற்பதுபோல மெதுவாகவும் அதனால் பறக்க முடியும். அதைத் தாழ்வாகக் கடலுக்கு மேலே பார்க்க வேண்டும் என்றுதான் சம்பா நடவு வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நாங்கள் நின்ற தெருவில் தெரிந்தது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு வானம். சத்தம் கேட்டு நிமிர்ந்தால் விமானம் போய்விட்டிருக்கும். சூர்யகிரணின் மூவண்ணப் புகை மட்டும் கலைந்து மிதந்து வந்தது. மயில் ஓவியம் தீட்டிய, விமானப்படையின் ஹெலிகாப்டர் சாகசக் குழுவான சாரங்கின் துருவ் ஹெலிகாப்டர்கள் ஒருமுறை தென்பட்டன. உங்கள் வழிகாட்டி அவற்றை "அப்பாச்சி" என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் என்று அறிவித்தார். அப்பாச்சிக்கும் துருவுக்கும் எங்கள் பேருந்திலேயே பலருக்கு வேறுபாடு தெரியும். தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் இந்த வேலை செல்லாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புளியோதரைப் பொட்டலம் ஊசிப்போயிருந்தது, எறிந்துவிட்டோம். தண்ணீரை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியாது. ஆளுக்கு ஒரு சிறு பாட்டில், அதுவும் பேருந்தில் இருந்தபோதே தீர்ந்துவிட்டது. அன்று மெரினாவுக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயிலும் நெரிசலும் எப்படி இருந்தன என்பதற்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப்போகும் நிறுவனம், 'குடிநீர் வசதி உண்டு' என்று அச்சடித்துவிட்டு, அவர்களைத் திருவான்மியூரில் இறக்கிவிட்டுப் போனது வெறும் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. என் மனைவிக்கு மயக்கம் வந்தபோது உதவியது சாந்தோம் தெருவில் இருந்த ஒரு வீட்டுக்காரர்தான். மோர் கொடுத்தார். உங்கள் வழிகாட்டியின் தொலைபேசி அப்போது அணைக்கப்பட்டிருந்தது.

எனக்கு வேண்டியவை இவை. 2025-க்கென வாங்கிய முன்பணம் 4,000 ரூபாய் முழுவதும் திரும்ப வேண்டும். 'ரத்துக் கட்டணம்' என்று அதில் எதையும் பிடிக்கக் கூடாது. ரத்து செய்தது நான் அல்ல. இல்லாத நாற்காலிக்கு வாங்கிய 2,400 ரூபாயும் வேண்டும். பேருந்து, சாப்பாடு, வழிகாட்டி ஆகியவற்றுக்கு என வாங்கிய மீதித் தொகையில் எவ்வளவு திருப்பித் தருவது என்பதை முதலில் நீங்களே எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் நியாயத்தையும் பார்த்துவிடுகிறேன். உங்கள் அலுவலகக் கண்ணாடிக் கதவில் அந்தத் துண்டுப்பிரசுரம், ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி, போன வாரமும் ஒட்டியிருந்தது. அதையும் எடுக்க வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். இல்லாத வசதியை விற்றது, விளம்பரத்தில் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியது, சேவைக் குறைபாடு ஆகிய மூன்றுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்பதால் காலமும் கடந்துவிடவில்லை. இந்தத் தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. அதே பேருந்தில் வந்த பாபநாசத்துக்காரர்களும் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பணத்தைக் காசோலையாகவோ, ரசீதில் உள்ள வங்கிக் கணக்கிலோ செலுத்தலாம். பயணக் கூப்பனாக வேண்டாம். தரங்கம்பாடியும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீதின் நகல், துண்டுப்பிரசுரத்தின் நகல், சாந்தோம் தெருவில் நாங்கள் நின்ற இடத்தின் புகைப்படம்.